வாத்துன்னா ஒறம்பரை, மனுசன்னா முகாமா?

நல்லாத்தங்கரை:
நஞ்சராயன் குளம் 2022ல பறவைகள் சரணாலயமாச்சு, 2024ல ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சர் பட்டியலுக்கும் போயிருச்சு. திருப்பூர்க்காரனா எனக்குச் சந்தோசந்தானுங்க. பட்டைத்தலை வாத்து மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வந்து எறங்குது. ஒறம்பரை (விருந்தாளி) வந்தாப்புல நாமளும் கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடறோம். அதே கொங்குல, பவானிசாகர்ல இலங்கைத் தமிழர் முகாம் இருக்குது. 1983 கலவரத்துக்குப் பொறகு கடல் தாண்டி வந்த சனங்க இந்த முகாம்கள்ல மூணாந்தலைமுறை பாத்தாச்சு. வாத்துகிட்ட எந்த ஊருன்னு யாரும் கேக்கறதில்லை. இவங்ககிட்ட இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கறோம். இது ஏனுங்க இப்படி?

கூழைக்கடா:
மேடையில் பேசினால் கைதட்டல் விழும். வாத்து வெயில் ஏறினால் தானாகக் கிளம்பிவிடும். ரேஷன் கார்டு கேட்காது, ஓட்டுப் போடாது. மனிதர் விஷயம் சட்டம், எல்லை, இரண்டு நாட்டு அரசாங்கம் சம்பந்தப்பட்டது. இதையும் அதையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் இரண்டுக்குமே நியாயம் கிடைக்காது. அப்புறம், பறவைக்கு நாம் ஏதோ வாரிக் கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நஞ்சராயன் குளம் மொத்தமே 125 எக்டேர்தான். சுற்றிலும் திருப்பூர் வளர்ந்துகொண்டே வருகிறது. ஊர்க் கழிவும் நல்லாற்று வழியாகக் குளத்தை நோக்கித்தான் வருகிறது. மிச்சக் குளங்களை எல்லாம் தூர்த்துவிட்டு இது ஒன்றைக் காட்டிப் பெருமைப்படுகிறோம்.

பர்கூர் பட்டி:
ரெண்டு பேரும் குளத்தங்கரையிலயே நின்னு பேசறீங்க. ஈரோட்டுப் பக்கம் எங்க பர்கூர் மலைக்கு வாங்க. 2024 ஜனவரியில அந்தியூர், கோபி தாலுகா காட்டையெல்லாம் சேத்து தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம்னு அறிவிச்சாங்க. 80,567 எக்டேர். புலிக்கும் ஆனைக்கும் அடைக்கலம், நல்லதுங்க. எங்க பர்கூர் செம்மறை மாட்டுக்கு? அது கட்டுத்தறி மாடு இல்லீங்க. காட்டுக்குள்ள பட்டி போட்டு, மாசக்கணக்குல அங்கேயே மேஞ்சு வளர்றது. வீட்டுல கட்டித் தீவனம் போட்டா அது பர்கூர் மாடாவே இருக்காது. 2022 மார்ச்சுல உயர் நீதிமன்றம் காட்டுல மேய்ச்சலுக்குத் தடை போட்டுச்சு. ரெண்டு வாரத்துல தளர்த்துனாங்க, ஆனா சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்குத் தடை அப்படியே நின்னுருச்சு. அதுக்கப்புறந்தான் எங்க காட்டைச் சரணாலயம்னாங்க. ஒருத்தருக்கு அடைக்கலம் கொடுக்கறதுக்கு இன்னொருத்தரை வெளிய தள்றது என்ன கணக்குங்க?

கூழைக்கடா:
அண்ணா, மாடு மேயும் இடத்தில் மானுக்குப் புல் குறையும், மாட்டுச் சீக்கு காட்டெருமைக்கும் பரவும். சத்தியமங்கலத்தை 2013ல் புலிகள் காப்பகம் ஆக்கியபோதும் இதே கூச்சல்தான் கேட்டது. இன்று புலி பெருகியிருக்கிறது. பாறு கழுகுகளும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கூடு கட்டுகின்றன. மாட்டுக்கு ஆள் இருக்கிறது, இன விருத்திக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கழுகுக்கு வேறு எங்கே இடம்?

பர்கூர் பட்டி:
கழுகு எதைத் தின்னு பொழைக்குதுங்க? செத்த மாட்டையுந்தான். கழுகைக் கொன்னது மேய்ச்சல் இல்லீங்க, மாட்டுக்கு வலிக்குன்னு போட்ட டைக்ளோபினாக் ஊசி. 2006ல தடை பண்ணுனாங்க. காட்டுல மேயற மாட்டுக்கு ஊசி போட எந்த டாக்டர் வந்தாரு? ஆராய்ச்சி நிலையத்துல நாலு காளையக் கட்டி வெச்சா இனம் பொழைச்சிருமா?

முகாம்91:
நான் ஈரோடு மாவட்டத்து முகாம் ஒன்றில் 1991ல் பிறந்தவன். இந்திய மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்ற விதி 1987 ஜூலை 1க்கு முன்னால் பிறந்தவர்களுக்குத்தான். நான் நாலு வருசம் பிந்திவிட்டேன். இலங்கையை நான் பார்த்ததே இல்லை. முகாமுக்கு வெளியே வாய் திறந்தால் கொங்குப் பேச்சுத்தான் வரும், அப்பா அதற்குத் திட்டுவார்.

கொடுத்ததை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடம், கல்லூரி கிடைத்தது. 2021ல் குடும்பத் தலைவருக்கு மாத உதவித்தொகையை 1000லிருந்து 1500 ஆக்கினார்கள், பழைய கொட்டகைகளை இடித்துப் புது வீடு கட்டித் தருவதாகச் சொல்லிக் கட்டவும் செய்தார்கள். முகாமின் பெயரையும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள். பெயிண்ட் அடிக்கும் வேலைக்கு வெளியூர் போனால் அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளுக்கு ஓடி வந்து நிற்கிறோமே, அது மாறவில்லை. கூழைக்கடா சார், வாத்தோடு என்னை ஒப்பிட வேண்டாம் என்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். வாத்துக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கிறது.

வெள்ளோட்டான்:
எங்கூரு வெள்ளோட்டுல தீவாளி நோம்பிக்கு வெடி போடறதில்லை. குளத்துல பறவை கூடு கட்டியிருக்கும், பயந்துக்கும்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் பல வருசமா இப்படித்தான். பொடுசுங்ககூட மத்தாப்போட நிறுத்திக்கும். அடைக்கலம்னா குடுக்கறவன் எதையாச்சும் விட்டுக்குடுக்கோணும். பவானிசாகர் முகாம்காரங்க விசயத்துல நாம என்னத்த விட்டுக்குடுத்தோம்?

கூழைக்கடா:
2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது. ஒன்றுமே நடக்கவில்லை என்பது சரியல்ல.

முகாம்91:
தண்டிக்க மாட்டோம் என்பது நிம்மதிதான். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கிறது, இலங்கை இல்லை. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவும் இல்லை. இங்கே இருப்பது யாரோ ஒருவர் தயவில்தான்.

நல்லாத்தங்கரை:
சின்னத்தம்பி ஆனையை மறந்துட்டீங்களா? 2019 ஜனவரியில கோயமுத்தூர் பக்கம் தடாகம் ஊர்ல வெள்ளாமைக்குள்ள வருதுன்னு புடிச்சு, டாப்சிலிப் பக்கம் காட்டுல விட்டாங்க. நல்ல காடு, தண்ணி, மூங்கில் எல்லாம் இருந்துச்சு. அது உடுமலை வரைக்கும் நடந்து வந்து கிருஷ்ணாபுரம் சர்க்கரை ஆலைகிட்ட கரும்புக்குள்ள நின்னுச்சு. மறுபடி புடிச்சு வரகளியாறு முகாம்ல மரக்கூண்டுல அடைச்சுப் பழக்கிட்டாங்க. எடத்தை நாம பாத்து வெச்சோம், அதுகிட்ட யாரு கேட்டா?

கூழைக்கடா:
தடாகத்தில் வாழைத்தோட்டம் வைத்திருந்தவரிடம் யார் கேட்டார்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள். யானை ஊருக்குள் வந்தால் ராத்திரி முழுக்கக் கண்விழிப்பது பேஸ்புக்கில் அழுதவர்கள் இல்லை. நான் பறவை பார்ப்பவன், காட்டுக்காக வாதாடுபவன். அதனால்தான் சொல்கிறேன்: காடு காடாக இருக்க வேண்டும் என்றால் சில இடங்களில் மனிதனும் மாடும் ஒதுங்கத்தான் வேண்டும். சத்தியமங்கலம் காட்டுக்குள் போகும் திம்பம் மலைப்பாதையில் 2022ல் விலங்குகளுக்காக இரவு போக்குவரத்தை நிறுத்தியபோது தாளவாடிக்காரர்கள் கொதித்தார்கள். உள்ளூர் ஆட்களுக்குத் தளர்வு கொடுத்தார்கள், லாரிகள் நின்றது நின்றதுதான். அந்த மாதிரி ஒரு நடுவழி பர்கூருக்கும் வரும்.

பர்கூர் பட்டி:
நடுவழி வர்ற வரைக்கும் மாடு காத்துக்கிட்டு நிக்காதுங்க. பட்டிய வெளிய எடுத்தா மேய்ச்சலுக்கு எடமில்லை, எடமில்லைன்னா விக்கோணும். வித்த மாடு எங்க போவுதுன்னு உங்களுக்கே தெரியும். முகாம் தம்பி சொன்னாப்புல எங்களுக்கும் எல்லாம் தயவுலதான் ஓடுது, ரேஞ்சர் மாறுனா சட்டமும் மாறுது. 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சல் உரிமை உண்டுன்னு எழுதியிருக்கறாங்க. அதை மொதல்ல கையில குடுக்கட்டும், அப்புறம் ஒதுங்கறதப் பத்திப் பேசலாம். ஆடியில குருநாதசாமி கோயில் தேருக்கு அந்தியூர் சந்தைக்கு வாங்க கூழைக்கடா. செம்மறை மாடு எத்தனை வந்திருக்குதுன்னு நீங்களே எண்ணிப் பாத்துட்டு இங்க வந்து எழுதுங்க.

கூழைக்கடா:
வருகிறேன். ஆனால் மேய்ச்சல் தடையில் என் பேச்சு மாறாது.