இசை விழாவுக்கு நிலம் கொடுக்கலாமா?

கேள்வி (தேன்கனிக்கோட்டைக்காரன்):
பெங்களூரு இளைஞர்கள் சிலர், ராகி அறுவடை முடிந்ததும் எங்கள் நிலத்தில் மூன்று நாள் இசை விழா நடத்த அனுமதி கேட்கிறார்கள். 1969-இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் விழாவைப் போல ஊருக்கே பெயர் வரும் என்கிறார்கள். அந்த ஊருக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று அறிந்தவர்கள் கூறுங்கள். அப்பா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பதில் 1 (ஓசூர் வாசகர்):
விழா உட்ஸ்டாக் என்ற ஊரில் நடக்கவே இல்லை, ஐயா. வால்கில் என்ற ஊர் இடம் தர மறுத்ததால், பெத்தேலில் மேக்ஸ் யாஸ்கர் என்ற பால் பண்ணைக்காரர் தம் நிலத்தைக் கொடுத்தார். ஐம்பதாயிரம் பேர் வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். சாலைகள் அடைபட்டு உணவு தீர்ந்தபோது ஊர்மக்களே உணவு செய்து கொடுத்தனுப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது. ஆனால் விழா முடிந்ததும் அக்கம்பக்கத்தார் யாஸ்கர் மீது சேதத்துக்காக வழக்குப் போட்டார்கள். அவர் 1971-இல் பண்ணையை விற்றார், 1973-இல் காலமானார். அவ்விழாவின் தொடக்கத்தில் ஆசியுரை வழங்கிய சுவாமி சச்சிதானந்தர் நம் கோவை செட்டிபாளையத்தில் பிறந்தவர்.

பதில் 2 (கிருஷ்ணகிரி ஆசிரியை):
ஊருக்குப் பலன் கிடைத்தது, ஆனால் மிகத் தாமதமாக. 1984-இல் அங்கு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். 1996-இல் ஆலன் ஜெரி என்ற தொழிலதிபர் அந்நிலத்தை வாங்கிய பிறகே நிலைமை மாறியது. 2006-இல் கலை மையமும் 2008-இல் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டன. நிலம் கொடுத்தவர் அதில் எதையும் காணவில்லை.

பதில் 3 (அஞ்செட்டி விவசாயி):
தம்பி, ராகி விளையும் காலத்தில்தான் யானைக் கூட்டங்கள் நம் பக்கம் இறங்குகின்றன. அறுவடை முடிந்தும் சில வாரங்கள் காட்டோரத்திலேயே நிற்கும். இரவில் ஒலிபெருக்கியும் விளக்கும் போட்டால் மிரண்டு எந்த ஊருக்குள் புகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் வனத்துறையையும் வரப்பைப் பகிர்ந்துகொள்ளும் பங்காளிகளையும் கேளுங்கள். பயிருக்கோ வேலிக்கோ சேதம் வந்தால் யார் ஈடு தருவது என்பதை முத்திரைத் தாளில் எழுதி வாங்காமல் ஒரு ரூபாய் முன்பணமும் தொடாதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. யானைகளைப் பற்றி அவர்களிடம் நாங்கள் பேசவே இல்லை. அப்பா இந்தப் பதில்களைப் படித்துவிட்டு, நாளை காலை பக்கத்து நிலத்துப் பெரியப்பாவிடம் பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.