ஸ்ட்ரீட் 750 பெல்ட்ல கீச் கீச் சத்தம், செயின் லூப் (செயினுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே) அடிக்கலாமா?

கேள்வி:
ஹார்லி ஸ்ட்ரீட் 750 பைக், 22,000 கி.மீ. ஓடியிருக்கு. மெதுவா உருட்டும்போது பின்சக்கரத்துகிட்ட கீச் கீச்னு சத்தம். செயின் லூப் அடிச்சா போயிடும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. செயினுக்குப் பதிலா பின்சக்கரத்தைச் சுத்துற பெல்ட்டோட உள்பல்லுல மயிரிழை விரிசல் வேற தெரியுது. மாத்தணுமா?

பதில் 1:
லூப், கிரீஸ் எதுவுமே வேண்டாம் ப்ரோ. எண்ணெய்ப்பசையில புழுதி ஒட்டிக்கிட்டு பல்லையும் ஸ்ப்ராக்கெட்டையும் (பெல்ட் ஓடுற பல்சக்கரம்) அரைச்சுத் தின்னுடும். சோப்புத் தண்ணியும் மெத்துனு ஒரு பிரஷ்ஷும் போதும். கழுவினதும் சத்தம் மொத்தமா நின்னுட்டா புழுதிதான். காஞ்சதும் திரும்ப வந்தா அலைன்மென்ட் (பின்சக்கரம் நேரா இருக்கான்னு) பாருங்க. ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்குற கை) பிவட் (அது வண்டியோட சேர்ற அச்சு) மையத்துலேர்ந்து ஆக்ஸில் (பின்சக்கர அச்சு) மையம் வரைக்கும் ரெண்டு பக்கமும் அளக்கணும். விறைப்பான கம்பியில ஒரு ரப்பர் வளையத்தைக் கோத்து, ஒரு பக்க அளவை வளையத்தால குறிச்சு, அதையே மறுபக்கம் வெச்சுப் பாருங்க. வித்தியாசம் 0.8 மி.மீ.க்குள்ள இருக்கணும்.

பதில் 2:
விரிசலுக்கு வர்றேன். உள்பல்லுல மயிரிழை இருந்தா உடனே மாத்த வேண்டியதில்லை, கண்காணிச்சா போதும். ஓரத்துல நூல் பிசிறு தெரிஞ்சாலும் அப்படித்தான். விரிசல் பல்லோட வெளிப்பக்கம் வந்துட்டா, பல் உதிர்ந்தா, கொக்கி மாதிரி தேஞ்சா மாத்தியே ஆகணும். கல் குத்தின ஓட்டை நடுவுல இருந்தா ஓட்டலாம், ஓரத்துல இருந்தா கூடாது. இழுவையைத் தாங்குற இழை அங்கேர்ந்துதான் அறுந்துபோக ஆரம்பிக்கும்.

ஸ்ப்ராக்கெட்டையும் விடாதீங்க. பள்ளத்தோட அடியில கூரான ஸ்க்ரூ டிரைவரை அழுத்தி இழுங்க. வழுக்கிட்டுப் போனா மேல இருக்குற குரோம் பூச்சு நல்லா இருக்கு. கீறல் விழுந்தா குரோம் போச்சு, அதுல புது பெல்ட் போட்டா வீண். புது பெல்ட்டை முன் ஸ்ப்ராக்கெட்டை விடச் சின்ன வட்டமா மடக்கவும் கூடாது, உள்ள இருக்குற இழை முறிஞ்சிடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. டென்ஷன் கேஜ் (பெல்ட்டோட இறுக்கத்தை அளக்குற கருவி) இல்லையே, என்ன பண்றது?

பதில் 1:
லக்கேஜ் எடை பாக்குற கொக்கித் தராசு போதும். வண்டி ஆறினப்புறம், கீழ்ப்பக்க பெல்ட்டோட நடுவுல மாட்டி 4.5 கிலோ காட்டுற வரைக்கும் இழுங்க. பெல்ட் எத்தனை மி.மீ. இறங்குதுன்னு ஸ்கேல்ல பாத்து மேனுவலோட ஒப்பிடுங்க. வண்டி ஸ்டாண்டுல இருக்கணுமா, ஆள் உக்காரணுமாங்கிறதும் அதுலயே இருக்கும். சக்கரத்தைச் சுத்தி நாலஞ்சு இடத்துல அளந்து, ரொம்ப டைட்டான இடத்தைக் கணக்குல எடுங்க. டைட் அதிகமானா ஊளைச் சத்தம் வரும், கியர்பாக்ஸ் பேரிங் அடிவாங்கும். லூஸானா வேகமா எடுக்கும்போது பல் தாவும். பெல்ட் இறுக்கத்தை மாத்துற அட்ஜஸ்டரை ரெண்டு பக்கமும் சம அளவு கால் கால் திருப்பா திருப்புங்க. ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்ச்ல (இறுக்குற விசையை அளந்து காட்டுற ஸ்பேனர்) இறுக்கினப்புறம் இன்னொரு தடவை அளந்துடுங்க, இறுக்கும்போதே டென்ஷன் மாறும்.