காவல் நாய் புண்ணை நக்கினால் விடலாமா? (பேசுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்)

போச்சம்பள்ளி: மாந்தோப்புக் காவல் நாய். முள்கம்பி கிழிச்சு முன்னங்காலில் இரண்டு விரல் நீளத்துக்குக் காயம். ஓயாம நக்குது. நக்கினா தானா ஆறிடும்கிறாங்க. விடலாமா?

ராயக்கோட்டை: விடாதீங்கண்ணா. நாய் எச்சில்ல லைசோசைம் இருக்கு, சில கிருமியைக் கொஞ்சம் அடக்கும். மேலோட்டமான சிராய்ப்புல மண்ணு போக நாலு நக்கு நக்கினா குத்தமில்ல. ஆனா வாயில பாஸ்டுரெல்லா மாதிரி கிருமியும் இருக்கு. அதைவிட நாக்கோட சொரசொரப்புதான் வம்பு. புதுசா வர்ற தோலை உரிச்சுக்கிட்டே இருக்கும், தையல் போட்டிருந்தா பிரிச்சுடும். இப்போ உள்சதை தெரியுதா பாருங்க. தெரிஞ்சா இன்னைக்கே கால்நடை மருந்தகம். நாள் தள்ளினா தையல் பிடிக்காது.

கழுவ: ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில ஒன்றரை டீஸ்பூன் உப்பு. சுத்தியிருக்கிற முடியைக் கத்தரிச்சுட்டு, ஊசி கழட்டின 20 மில்லி சிரிஞ்சால பீச்சுங்க. பிறகு பெட்டாடைனை வெளிறின டீ நிறத்துக்குத் தண்ணி கலந்து ஊத்துங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைக்கிறதைப் பார்த்து மயங்க வேண்டாம், நல்ல சதையையும் அரிக்கும்.

காரிமங்கலம்: நக்க விடாம இருக்கக் கழுத்துல மாட்டுற பிளாஸ்டிக் கூம்பு மூக்குக்கு இரண்டு அங்குலம் முன்னால நீட்டிக்கிட்டு இருக்கணும். குட்டையா வாங்கினா காசு தண்டம், காலை மடக்கி நக்கிடும். கழுத்துல இரண்டு விரல் நுழையற இடைவெளி விடுங்க. தண்ணிச் சட்டியைச் செங்கல் மேல வைங்க. கூம்போட தோப்புல அவிழ்த்து விட்டா வேலியில மாட்டும்.

கட்டுப் போட்டா நடு இரண்டு விரலைப் பாருங்க. நகம் ரெண்டும் விலகி நின்னா பாதம் வீங்குதுன்னு அர்த்தம், கட்டு இறுக்கம். உடனே அவிழ்க்கணும்.

அரூர்: எல்லாரும் நாக்கு எட்டுற இடத்தையே பேசறீங்க. நாக்கு எட்டாத காதுக்குப் பின்னாடி, பிடரி, உச்சந்தலை, இங்கதான் அதிகமா புழு வைக்கும். ஈ முட்டை வச்சா ஒரே நாள்ல பொரிஞ்சிடும். வெளியே சின்ன ஓட்டை, உள்ளே பை மாதிரி குடைஞ்சிருக்கும். கெட்ட வாடை, நாய் தலையை உதறும். நம்ம பக்கம் சீத்தா இலையை அரைச்சு வைப்பாங்க. புழு வெளிய வரும், ஆனா கொட்டையையும் சேர்த்து அரைச்சுக் கண்ணுல பட்டா கண்ணே போயிடும். பாச்சை உருண்டைப் பொடி, பினாயில், மண்ணெண்ணெய் மூணும் கூடவே கூடாது. பூசுறதெல்லாம் வயித்துக்குத்தான் போகும், அதுவா நக்கலேன்னாலும் கூட இருக்கிற நாய் நக்கிடும். புழுவை இடுக்கியால ஒண்ணு விடாம எடுக்கணும், அதை மருத்துவர்கிட்ட விடுங்க.

பென்னாகரம்: காயம் இன்னொரு நாய் கடிச்சதா இருந்தா கணக்கே வேற. கையுறை போட்டு, சோப்பும் ஓடுற தண்ணியும் வச்சு 15 நிமிஷம் கழுவணும். முன்னாடி ஊசி போட்ட நாய்க்கும் மறுபடி வெறிநோய்த் தடுப்பூசி தேவை. உங்க கையில வெட்டுக்காயம் இருந்து அதை இந்த நாய் நக்கினா, கடிச்சதுக்குச் சமம்தான். தள்ளிப் போடாம அன்னைக்கே அரசு மருத்துவமனை போங்க.

போச்சம்பள்ளி: காயம் ஆறினப்புறமும் அதே இடத்தை நக்கினா?

ராயக்கோட்டை: மணிக்கட்டுல முடி கொட்டி, தோல் தடிச்சுப் பளபளன்னு ஆகும். பகல் பூரா சங்கிலியில கிடக்கிற நாய்க்கு இது அதிகம். சலிப்புல நக்கும், அரிப்போ மூட்டு வலியோ இருந்தாலும் நக்கும். அவிழ்த்து விட்டு ஓட வைங்க; அப்பவும் நிக்கலேன்னா தோலைக் காட்டுங்க, அதுக்கு மருந்து வாரக்கணக்குல ஓடும். டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால்னு நம்ம வலி மாத்திரையை மட்டும் கொடுத்துடாதீங்க.