புதுப்பிப்பு: என் சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன்

போன மாதம் இங்கே எழுதியிருந்தேன்: திருகோணமலையில் நான் வேலை செய்யும் பாமசியில், நான் இல்லாத நேரத்திலும் வைத்தியர் எழுதிய துண்டில்லாமல் மருந்து கொடுக்கிறார்கள், ஆனால் பொறுப்பு மருந்தாளராக என் பெயர்தான் இருக்கிறது, என்ன செய்வது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

முதலாளியிடம் நேரே கதைத்தேன். "தங்கச்சி, எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்குது" என்றார். சரி, நடக்கட்டும், ஆனால் பரிசோதகர் வந்தால் கேள்வி என்னிடமும்தானே வரும்! 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகு பாமசிகளுக்கு உரிமம் கொடுப்பது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை. மருந்தாளராக என்னைப் பதிந்திருப்பது இலங்கை மருத்துவச் சபை. கடையில் பிழை நடந்தால் முதலாளிக்குப் போவது உரிமம், எனக்குப் போவது நான் படித்த படிப்பு.

என்னை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. ஒரு பின்னேரம் பள்ளிச் சீருடையோடு ஒரு பொடியன் வந்து பிரிகாபலின் கேட்டான். துண்டு இல்லை. "நேற்று அந்த அண்ணா தந்தவர்" என்றான். நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற மருந்து அது. போதைக்காக இளசுகள் தேடுவது எங்களுக்குத் தெரியாததல்ல. அவன் கையில் கசங்கியிருந்த நூறு ரூபாய்த் தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அன்றிரவே விலகல் கடிதம் எழுதினேன். பெயரை நீக்கச் சொல்லி அதிகாரசபைக்கும் பதிவுத் தபாலில் அறிவித்து, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அப்புறம் சுவரில் தொங்கிய சான்றிதழைக் கழற்றினேன். இப்போது வேறு வேலை தேடுகிறேன்.