மறு: டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு ‘மதகு’

> தருக்க வாயில், டிரான்சிஸ்டரின் வாயில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம்.

ஐயா, வணக்கம்.

போதாது என்பதே என் உறுதியான கருத்து. ஆங்கிலத்தில் இரண்டும் ‘கேட்’ (gate) தான். ஆனால் தருக்க வாயில் என்பது 0, 1 உள்ளீடுகளிலிருந்து ஒரு வெளியீட்டைத் தரும் சுற்று; டிரான்சிஸ்டரின் கேட் என்பது அதன் ஓட்டத்தை ஆளும் முனை. பி-வகை, என்-வகை டிரான்சிஸ்டர்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் சீமாஸ் (CMOS) முறையில் ஒரு நேண்ட் (NAND) வாயிலை விளக்கிப் பாருங்கள். மேலே, மின்வழங்கலின் பக்கம் பி-வகை டிரான்சிஸ்டர்கள் (கேட்டில் 0 வந்தால் கடத்துபவை) இரண்டு, பக்க இணைப்பில். கீழே, தரையின் பக்கம் என்-வகை (கேட்டில் 1 வந்தால் கடத்துபவை) இரண்டு, தொடரிணைப்பில். ஒவ்வோர் உள்ளீடும் ஒரு பி-வகையின் கேட்டுக்கும் ஒரு என்-வகையின் கேட்டுக்கும் சேர்ந்தே செல்கிறது. இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் கீழிரண்டும் கடத்தும், மேலிரண்டும் அடைபடும். வெளியீடு தரையோடு சேர்ந்து 0 ஆகும். ஏதேனும் ஒன்று 0 ஆனாலும் கீழ்வழி அறுந்து மேலே ஒரு வழி திறக்கும், வெளியீடு 1. இதையே ‘வாயிலின் உள்ளீடுகள் நான்கு வாயில்களுக்குச் செல்கின்றன’ என்று எழுதினால் மாணவர் என்ன புரிந்துகொள்வார்? இரண்டு பொருளும் ஒரே வாக்கியத்தில் நிற்கும்போது இடம் நோக்குவது எப்படி?

தருக்கத்துக்கு வாயில் இருக்கட்டும். இலங்கைப் பாடநூல்களின் ‘படலை’ என்றாலும் எனக்கு மகிழ்ச்சியே. டிரான்சிஸ்டரின் கேட்டுக்கு ‘மதகு’ என்பதை முன்மொழிகிறேன். மற்ற இரு முனைகளும் மூலம், வடிகால் என நீர்ச்சொற்களாகவே இருக்கின்றன. நடுவே ஓட்டத்தை ஆள்வது மதகுதானே!

‘மதகில் பலகை நகரும், சிலிக்கானில் எதுவும் நகர்வதில்லையே’ என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். உண்மைதான். கேட்டுக்கும் சிலிக்கானுக்கும் இடையே மெல்லிய மின்காப்புப் படலம் இருக்கிறது. என்-வகையில், கேட்டில் தரும் மின்னழுத்தம் அதன் புலத்தால் மட்டுமே எலக்ட்ரான்களை ஈர்த்து, மின்னோட்டம் செல்லும் வாய்க்காலை (channel) உண்டாக்குகிறது. ஆனால் கலைச்சொல் செயலைக் காட்டினால் போதும். இயங்குமுறை முழுவதையும் சுமக்க வேண்டியதில்லை.

தொடர்களும் இயல்பாக வருகின்றன: மதகு மின்னழுத்தம், மதகு நீளம். இன்டெல் 2007இல் 45 நானோமீட்டர் சில்லுகளில் பாலிசிலிக்கான் (பல்படிகச் சிலிக்கான்) கேட்டை விட்டு மாறியது ‘உலோக மதகு’க்கு. வாய்க்காலை நாற்புறமும் சூழும் அண்மைய வடிவத்துக்கு ‘சூழ்மதகு’. இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

தயக்கம் ஒன்றே ஒன்று. பெரிய மின்திறனை ஆளும் குறைகடத்திச் சாதனமான சாதாரணத் தைரிஸ்டரின் கேட் ஓட்டத்தைத் தொடக்கிவிடும், ஆனால் நிறுத்தாது. மூடாத ஒன்றை மதகு எனலாமா? மின்திறன் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.