தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட் படத்தில் வரும் அந்தப் பாட்டி யார்?

பழையரீல்:
போன வாரம்தான் 'தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' பார்த்தேன், 1965-இல் வந்த செக்கோஸ்லோவாக்கியப் படம். காது மந்தமான ஒரு யூத விதவை பொத்தான் கடை வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யூதர் கடைகளைப் பிடுங்கும் சட்டத்தில் அவர் கடையை ஒரு தச்சன் கையில் கொடுக்கிறார்கள். அவருக்கோ இதை யாராலும் புரியவைக்க முடியவில்லை, ஒத்தாசைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து அவனுக்குச் சாப்பாடு போட்டு, இறந்துபோன கணவரின் கோட்டையும் எடுத்துக் கொடுக்கிறார். அந்தக் காட்சியிலிருந்து இன்னும் வெளியே வர முடியவில்லை. நடித்தவர் இடா காமின்ஸ்கா. தேடினால் 'யிட்டிஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) நாடக நடிகை, ஆஸ்கர் பரிந்துரை' என்பதோடு முடிந்துவிடுகிறது. இதற்கு முன்னால் எங்கே இருந்தார், அப்புறம் ஏன் படங்களில் காணோம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூன்றாம்மணி:
ரீல், நல்ல கேள்வி. அவரை சினிமா நடிகையாக மட்டும் பார்த்தால் ஒன்றுமே பிடிபடாது. அவர் ஒரு நாடகக் கம்பெனியின் முதலாளி, இயக்குநர், மொழிபெயர்ப்பாளர், கதாநாயகி, எல்லாம் அவரேதான்.

பிறந்தது 1899-இல் ஒடெசாவில், ஆனால் குடும்பம் போலந்தின் வார்சாவைச் சேர்ந்தது. அம்மா எஸ்தர் ராக்கேல் காமின்ஸ்காவை யிட்டிஷ் நாடகத்தின் தாய் என்றே சொல்வார்கள், அப்பாவும் கம்பெனி நடத்தியவர். அந்தக் காலத்தில் ரஷ்யப் பேரரசில் யிட்டிஷ் நாடகத்துக்கு 1883-இல் இருந்தே தடை, அதனால் ஊர் ஊராகப் போகும் குழுக்கள் 'ஜெர்மன் நாடகம்' என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு ஆடின. இடா சின்னக் குழந்தையாக மேடை ஏறியது அப்படி ஒரு சூழலில்தான். 1920-களில் முதல் கணவர் சிக்முன்ட் துர்கோவோடு வார்சாவில் ஒரு கலை நாடகக் குழுவை நடத்தினார். வெறும் பாட்டும் கூத்தும் போதாது, ஐரோப்பாவின் நல்ல நாடகங்களெல்லாம் யிட்டிஷில் வர வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். 1924-இல் வந்த ஒரு மௌனப் படத்தில் அம்மா, இடா, இடாவின் சின்ன மகள் ரூத் என்று மூன்று தலைமுறையும் நடித்திருக்கிறது. அடுத்த வருடமே அம்மா காலமாகிவிட்டார்.

அம்மாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேடம் மிரேலே எஃப்ரோஸ், ஜேக்கப் கோர்டின் எழுதிய நாடகம். பெரிய வியாபாரத்தைத் தனி ஆளாகக் கட்டி நிறுத்திய விதவை, மருமகள் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் கை நழுவிப்போய், கடைசியில் சொந்த வீட்டை விட்டே வெளியேறுகிறாள். பல வருடம் கழித்து, பேரனுக்குப் பதின்மூன்று வயதில் செய்யும் யூதச் சடங்கு வருகிறபோதுதான் திரும்ப வருகிறாள். பெரியம்மாவோ பாட்டியோ ஞாபகத்துக்கு வராமல் இந்த நாடகத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. அம்மாவுக்குப் பிறகு இடா அதை எடுத்துக்கொண்டு கடைசி வரை ஆடினார். நீங்கள் பார்த்த பொத்தான் கடைப் பாட்டியிடம் இருக்கிற அந்த நிமிர்வு அங்கிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தறிநாடா:
மூன்றாம்மணி சொன்னதற்குத் தொடர்ச்சி. 1939-இல் ஜெர்மானியர் வந்ததும் குடும்பத்தோடு வார்சாவை விட்டு சோவியத் பக்கம் இருந்த லுவோவுக்குத் தப்பினார், அங்கேயும் ஒரு யிட்டிஷ் அரங்கை நடத்தினார். 1941-இல் அங்கேயும் போர் வந்ததும் மத்திய ஆசியாவுக்கு, இன்றைய பிஷ்கெக் நகருக்குப் போனார்கள். போர் முடிந்து, இரண்டாவது கணவர் மெயிர் மெல்மனோடு போலந்து திரும்பினார். மகளும் ஜாஸ் கலைஞரான மருமகன் எடி ரோஸ்னரும் சோவியத்தில் கைதானார்கள், மகளை கஜகஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் வந்து சேர வருடங்கள் ஆயின.

திரும்பி வந்த ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போருக்கு முன்னால் போலந்தில் முப்பது லட்சத்துக்கும் மேல் யூதர்கள், அவர்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டுவிட்டார்கள். அவர் டிக்கெட் விற்ற ரசிகர்களே இல்லை! அப்படி இருந்தும் மிஞ்சியவர்களைச் சேர்த்துக்கொண்டு லோட்ஸிலும் வ்ரோட்ஸ்வாவிலும் ஆடினார். பிறகு அரசு யூத நாடக அரங்கின் பொறுப்பு அவரிடம் வந்தது, 1955-இல் அது வார்சாவுக்கு மாறியது, பெயர் அம்மாவுடையது. யிட்டிஷ் தெரியாத போலந்துக்காரர்களும் வருவார்கள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்டபடி பார்ப்பார்கள். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டின் 'மதர் கரேஜ்' கூட யிட்டிஷில் போட்டு அவரே நடித்தார். ஒரு மொழியில் பேசுகிறவர்களை அழித்துவிட்ட பிறகும் அந்த மொழியில் தினம் சாயங்காலம் திரையைத் தூக்குவதற்கு எவ்வளவு மனஉறுதி வேண்டும்! அந்த ஆஸ்கர் பரிந்துரையை விட எனக்கு இதுதான் பெரிது.

பழையரீல்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இதில் பாதிகூட எனக்குத் தெரியாது. ஒரு சந்தேகம், படத்துக்கு ஆஸ்கர் ஒரு வருடம், இவருக்குப் பரிந்துரை அடுத்த வருடம் என்று இருக்கிறதே, அது எப்படி?

மூன்றாம்மணி:
அயல்மொழிப் படப் பிரிவுக்கு அந்தந்த நாடே படத்தை அனுப்பிவிடும், அதனால் 1966 ஏப்ரலில் விருது கிடைத்தது. நடிப்புப் பிரிவுக்குப் படம் அமெரிக்கத் திரையரங்கில் ஓடியிருக்க வேண்டும், அது 1966-இல்தான் ஓடியது. ஆகவே இவர் பெயர் 1967 விழாவில் வந்தது. பரிசு எலிசபெத் டெய்லருக்குப் போனது. அதே 1967-இல் கம்பெனியோடு நியூயார்க் போய் மிரேலேயும் மதர் கரேஜும் ஆடினார்.

தறிநாடா:
ஏன் அப்புறம் காணோம் என்று கேட்டீர்களே, அதற்கு பதில் 1968. 1967 அரபு - இஸ்ரேல் போருக்குப் பிறகு போலந்து அரசு யூதர்களைத் துரோகிகள் என்று பிரசாரம் செய்தது, வேலையை விட்டுத் தூக்கியது. பதின்மூன்றாயிரம் பேர் வரை வெளியேறினார்கள், போகிறவர்கள் குடியுரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். உலகமே அறிந்த நடிகை, அரசு அரங்கின் தலைவர், அவரும் அந்த ஆண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. இஸ்ரேல், பிறகு நியூயார்க். 1970-இல் 'தி ஏஞ்சல் லெவின்' என்ற படத்தில் நடித்தார். நியூயார்க்கில் நிரந்தரமாக ஒரு யிட்டிஷ் அரங்கு அமைக்கப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1973-இல் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் புத்தகமாக வெளியிட்டார், 1980-இல் நியூயார்க்கிலேயே காலமானார். ஹாலிவுட்டில் அடுத்த படம் என்ன என்று கேட்பதை விட, வார்சா அரங்கை அவரிடமிருந்து பிடுங்காமல் இருந்திருந்தால் என்னென்ன நாடகம் போட்டிருப்பார் என்றுதான் நான் யோசிப்பேன்.

வார்சாவில் அந்த அரங்கு இப்போதும் இயங்குகிறது, இப்போது அம்மா மகள் இருவர் பெயரும் அதற்கு உண்டு. ரீல், முதலில் அந்தச் சுயசரிதையைத் தேடிப் படியுங்கள், பழைய புத்தகக் கடைகளில் அவ்வப்போது கிடைக்கும்.