13எக்ஸ் ஜியோலைட்: ஆறாவது ரன்னிலேயே கார்பன் டை ஆக்சைடு பிடிப்பு பாதிக்கும் கீழே, ஏன்?

நுண்துளை (கேள்வி):
13எக்ஸ் ஜியோலைட் (நுண்ணிய துளைகளில் வாயுவைப் பிடிக்கும் படிகப் பொருள்) பெல்லட் (1.6 மி.மீ.) 10 கிராம் குழாயில் பெட்டாக நிரப்பி பிரேக்த்ரூ சோதனை (பிடிக்க முடியாமல் வாயு மறுபக்கம் வெளிவரும்வரை அளப்பது) செய்கிறேன். 15% கார்பன் டை ஆக்சைடு, மீதி நைட்ரஜன். நிமிடத்துக்கு 100 மி.லி., 25 டிகிரி. புகைபோக்கி வாயு மாதிரி இருக்கட்டும் என்று பப்ளரில் தண்ணீர் வழியாகக் குமிழவிட்டு ஈரமாக்கி அனுப்புகிறேன். ஒரு ரன் 2 மணி நேரம். நடுவில் 100 டிகிரியில் 1 மணி நேரம் நைட்ரஜன் விட்டு மீட்கிறேன். முதல் ரன்னில் கிராமுக்கு 2.8 மில்லிமோல், ஆறாவதில் 1.3. எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் சோதனை) பீக்குகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. புதிதாக வாங்கணுமா?

உலர்பெட்:
வாங்க வேண்டாம். பொருள் கெடவில்லை, நனைந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் நிறைஈர வாயுவின் ஒரு கன மீட்டரில் சுமார் 23 கிராம் தண்ணீர். உங்கள் ஓட்டம் மணிக்கு 6 லிட்டர், அதாவது மணிக்கு 0.14 கிராம் தண்ணீர். ஐந்து ரன்னில் 1.4 கிராம். 13எக்ஸ் தன் எடையில் கால்வாசி தண்ணீரைப் பிடிக்கும்; 10 கிராமுக்கு 2.5. ஆக, பெட்டில் பாதிக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. 2.8-இல் 55% கழித்தால் உங்கள் 1.3 கிட்டத்தட்ட அப்படியே வருகிறது!

13எக்ஸில் உள்ள சோடியம் அயனிகளோடு தண்ணீர் ஒட்டும் பலம் கார்பன் டை ஆக்சைடுக்குக் கிடையாது. 100 டிகிரியில் பின்னது வெளியேறிவிடும், தண்ணீரோ பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். உறுதி செய்ய, பெட்டை நுழைவுப் பக்கம், வெளிப்பக்கம் என்று பிரித்து எடுத்து டிஜிஏ (சூடாக்கும்போது எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் சோதனை) போடுங்கள். நுழைவுப் பக்கத்தில் எடை இழப்பு மிக அதிகமாக இருந்தால் வழக்கு முடிந்தது.

மீட்க: உலர் நைட்ரஜனில் நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 120 வரை, அங்கே 2 மணி நேரம். பிறகு 350 வரை ஏற்றி 4 மணி நேரம். ஆறுவதும் உலர் நைட்ரஜனிலேயே. திறந்து வைத்து ஆறவிட்டால் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்.

சூளைக்காரன்:
மேலே சொன்ன 120 டிகிரி நிறுத்தத்தை யாரும் அவசரப்பட்டுத் தாண்ட வேண்டாம். நனைந்த பெட்டை நேராக 350-க்கு ஏற்றினால் உள்ளே நீராவி சூழ்ந்து, ஜியோலைட்டின் படிகச் சட்டகத்திலிருந்து அலுமினியத்தைப் பெயர்க்கும். அந்தச் சேதத்துக்கு மீட்பு இல்லை.

அளவீட்டிலும் ஒரு ஓட்டை இருக்கலாம். பெட் பிடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே வருவது 100 மி.லி. அல்ல, சுமார் 85. வெளி ஓட்டத்தை 100 என்றே வைத்துத் தொகையிட்டால் பிடித்த அளவு குறைவாகக் காட்டும். ஜியோலைட்டுக்குப் பதில் கண்ணாடி மணிகளை நிரப்பி ஒரு வெற்று ரன் எடுத்து, குழாயின் வெற்றுக் கனஅளவையும் கழியுங்கள்.

நுண்துளை:
டிஜிஏ பார்த்தாயிற்று. நுழைவுப் பக்கம் 21%, வெளிப்பக்கம் 4%. தண்ணீர்தான். ஆனால் ஈர வாயுவில்தான் வேலை செய்தாக வேண்டும். என்ன வழி?

உலர்பெட்:
13எக்ஸ் பெட்டுக்கு முன்னால் 3ஏ என்ற, துளை சிறிய வகை ஜியோலைட் 5 கிராம் வையுங்கள். பொட்டாசியம் அயனி துளைவாயை 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு அடைப்பதால் தண்ணீர் நுழையும், 3.3 ஆங்ஸ்ட்ராம் கார்பன் டை ஆக்சைடு நுழையாது. சுமார் 1 கிராம் தண்ணீர் தாங்கும், 7 மணி நேர ஓட்டம். மூன்று ரன்னுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இதே ஒழுங்குதான்: முதலில் உலர்த்தி பெட், அதன் பின்னால் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ஜியோலைட் பெட்.

சூளைக்காரன்:
உலர்த்தவே கூடாது என்றால், நுண்துளை சிலிக்காவில் பாலிஎத்திலீன்இமைன் (கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் அமைன் வகைப் பாலிமர்) ஏற்றியதைப் பயன்படுத்தலாம். ஈரம் அதற்குக் கெடுதல் இல்லை, உதவியே செய்யும். ஆனால் சூடான காற்று பட்டால் அமைன் ஆக்சிஜனேற்றமாகும். உலர் கார்பன் டை ஆக்சைடில் சூடாக்கி மீட்டால் யூரியாவாக மாறி இறந்துவிடும். நிஜப் புகையில் சல்ஃபர் டை ஆக்சைடு இருந்தால் இரண்டுமே பாழ்: அமைனோடு நிரந்தரமாக ஒட்டும், 13எக்ஸில் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிச் சட்டகத்தை அரிக்கும். அதை முதலில் கழுவி எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.